'செக்யுலர்' என்பதற்கு இந்தி அரசமைப்பில் இரு சொற்கள்: டி.என். மதனின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

சமூகவியலாளர் டி.என். மதன் 1987இல் 'ஜர்னல் ஆஃப் ஏஷியன் ஸ்டடீஸ்' இதழில் வெளியிட்ட 'செக்யுலரிசம் இன் இட்ஸ் பிளேஸ்' என்ற கட்டுரையைத் தொடாமல் இந்தியச் சமயச்சார்பின்மை பற்றி யாரும் எழுதுவதில்லை. நவீன அறிவியலும் புராட்டஸ்டன்ட் கிறித்தவமும் ஊடாடிய ஐரோப்பியச் சூழலில் பிறந்த கருத்து அது என்பது அவர் தொடக்கம். தென்னாசியாவில் அது மக்கள் பகிரும் வாழ்க்கைக் கொள்கையாக முடியாது. அரசின் செயல்பாட்டுக்கும் அடித்தளம் தராது என்பது அவர் முடிவு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு கண்ணி உண்டு: நம் சமய மரபுகளில் உலகியல் என்பது சமயத்துக்கு எதிரே தனித்து நிற்பதில்லை, அதற்குள் அடங்கியே கிடக்கிறது. கட்டுரையின் பாரம் முழுவதையும் தாங்குவது இந்தக் கண்ணியே. அது தாங்காது என்பது என் வாதம்.

மதன் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 'செக்யுலரிசம்' என்ற சொல்லை 1851இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் ஒரு கொள்கையின் பெயராகவே உருவாக்கினார். ரகுநாத் சிங் எழுதிய 'தரம் நிர்பேக்ஷ் ராஜ்' நூலுக்கு 1961இல் முன்னுரை தந்த நேருவே, 'செக்யுலர்' என்பதற்கு இந்தியில் நல்ல சொல் கிடைப்பது எளிதன்று என்று ஒப்புக்கொண்டார். இத்தகைய சான்றுகள் மதனுக்குத் துணை நிற்பவை. ஆனால் நேருவின் தயக்கம் அரசைக் குறிக்கும் அடைமொழி பற்றியது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அதற்கு இந்தி தடுமாறவேயில்லை.

சான்று அரசமைப்பின் 25ஆம் உறுப்பில், (2)(அ) கூறில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்துக்கு முன் 'செக்யுலர்' அரசமைப்பில் இடம்பெற்றது இங்கேதான். முகப்புரையில் அப்போது அது இல்லை. 1948 நவம்பரில் கே.டி. ஷா அதை முதல் உறுப்பில் சேர்க்கக் கோரியதை அரசியல் நிர்ணய சபை ஏற்கவில்லை. சமய நடைமுறையோடு தொடர்புடைய பொருளாதார, நிதி, அரசியல் அல்லது பிற 'செக்யுலர்' செயல்களை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்கிறது அந்தக் கூறு. இந்தி வாசகத்தில் அவ்விடத்தில் உள்ள சொல் 'லௌகிக்'. முகப்புரையிலோ அதே ஆங்கிலச் சொல்லுக்கு 'பந்த்நிர்பேக்ஷ்' என்று நிற்கிறது. ஒரே ஆவணம், ஒரே ஆங்கிலச் சொல், இரண்டு இந்திச் சொற்கள். முகப்புரைச் சொல்லைப் பற்றி எழுதியோர் பலர். 25ஆம் உறுப்பின் சொல்லை நின்று பார்த்தவர் குறைவு.

'லௌகிக்' என்பது அகராதிக் குழு புதிதாகச் செய்த சொல்லன்று. பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, இலக்கணம் எந்தச் சொற்களைப் பற்றியது என்று கேட்டு, லௌகிகச் சொற்கள், வைதிகச் சொற்கள் என இரண்டையும் சொல்கிறார். இங்கே லௌகிகம் வைதிகத்துக்குள் அடங்கவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகின்றன. இரண்டுக்கும் பொதுவாக ஒரே சாத்திரம் வேலை செய்கிறது. இலத்தீன் மூலமான 'சேகுலும்' காலத்தையும் பின்னர் இவ்வுலகையும் குறித்தது. 'லோகம்' என்பதும் இவ்வுலகமே. லௌகிக, வைதிக காரியங்களைப் பிரித்துப் பேசும் வழக்கம் தமிழ் வீடுகளிலும் இன்றுவரை உண்டு.

மதன் சார்பில் ஒருவர் மறுக்கலாம்: அந்த லௌகிகமும் தர்மம் என்னும் பெரிய ஒழுங்குக்குள் அடங்கியதுதானே என்று. சாத்திர நூல்களை மட்டும் வைத்தால் இந்த மறுப்பு வலுவானது. ஆனால் மொழிபெயர்த்தோர் அந்த அடங்கல் தொனிக்கும் சொல்லை எடுக்கவில்லை. சமயச் செயலோடு ஒட்டியிருந்தும் அரசின் கைக்கு எட்டக்கூடியது எதுவோ அதற்கே லௌகிக் என்று பெயரிட்டார்கள். இது எண்ணித் துணிந்த தேர்வா, பழக்கத்தில் வந்ததா என்பதை வாசகம் மட்டும் சொல்லாது. பழக்கத்தில் வந்ததென்றே வைத்துக்கொண்டாலும் என் வாதம் பலப்படுகிறது: யோசிக்காமலே கைக்கு வந்த சொல் என்றால், அந்தப் பாகுபாடு மொழியில் உயிரோடு இருந்தது என்றுதானே பொருள்? காஷ்மீரப் பண்டிதர்களின் இல்லறத்தைப் பற்றி மதனே அதே 1987இல் வெளியிட்ட 'நான்-ரினன்சியேஷன்' நூலில், துறவுக்கு எதிரே இல்லறத்தான் வாழ்வுக்கு உள்ள மதிப்பை நுணுக்கமாக எழுதியிருக்கிறார். கட்டுரையாளர் மதன் அந்த நூலாசிரியர் மதனைத் துணைக்கு அழைத்திருக்கலாம்.

முகப்புரைச் சொல்லின் வரலாறு இவ்வளவு தெளிவாக இல்லை. அன்றாட இந்தியில் 'தர்மநிர்பேக்ஷ்' வேரூன்றிவிட்டது. முகப்புரையில் தர்மம் விலகிப் 'பந்த்' வந்தது. 1978இல் அடைமொழிக்கு 'எல்லாச் சமயங்களுக்கும் சம மதிப்பு' என்ற பொருள்வரையறை தர முயன்றார்கள். மக்களவை ஏற்றது, மாநிலங்களவை ஏற்கவில்லை. இந்தி வாசகத்துக்கு அதிகாரம் தரும் 394அ உறுப்பு வந்தது 1987இன் 58ஆம் திருத்தத்தில். 1976க்கும் 1987க்கும் இடையே எந்தக் கட்டத்தில் 'பந்த்' உறுதிப்பட்டது என்று ஓர் ஆண்டை நிறுத்திச் சொல்ல நான் துணியமாட்டேன்.

நீதிமன்றங்களுக்கு முகப்புரை அடைமொழியின் வரையறை தேவைப்படவில்லை. சென்னை மாநிலச் சட்டத்தை எதிர்த்த சிரூர் மடம் வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம், பணம் செலவாவதாலேயே பூசையும் நைவேத்தியமும் உலகியல் செயலாகிவிடா என்றது. 1972இல் சேஷம்மாள் வழக்கில், அர்ச்சகர் செய்வது சமயப்பணி, அவரை நியமிப்பதோ உலகியல் செயல் என்று பிரித்து, தமிழ்நாட்டின் பரம்பரை நியமன ஒழிப்பை ஏற்றது. இரண்டு தீர்ப்புகளும் முகப்புரையில் அடைமொழி ஏறுவதற்கு முந்தியவை. இரண்டும் நின்ற தளம் லௌகிக் என்ற பாகுபாடு. அரசு அதன்மேல் செயல்பட முடியாது என்ற மதனின் கூற்றுக்கு இவ்வழக்குகள் எதிர்ச்சான்று. மக்கள் அதைக் கொள்கையாகப் பகிர்ந்தார்களா என்ற அவருடைய மற்றக் கேள்வியைத் தீர்ப்புகளை வைத்து முடிக்க முடியாது.