பறந்த நாளும் ரோட்டில் வந்த நாளும்



போடி மெட்டு ரோட்டில் எத்தனை வளைவு என்று கேட்டால், நம்ம கல்லூரியில் படித்த யாரும் தூக்கத்தில்கூட 17 என்று சொல்லிவிடுவோம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏலக்காய் மூட்டையும், தோட்டத்து ஆட்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்பும் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. அந்த மாதிரி ஒரு ரோட்டில் ஓர் ஆகாய விமானத்தைக் கொண்டுபோக வேண்டி வந்தால்? சிரிக்காதீர்கள். வீட்டில் விமானம் கட்டியவர்களுக்கெல்லாம் வந்த கவலைதான் இது.

மலையைத் தாண்டும் எதுவும் பிரிந்துதான் தாண்டும் என்பது நம்ம ஊர் அறிந்த பாடம். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் எப்படி வந்தது? 1908 முதல் டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயில். அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வே. அப்புறம் மாட்டு வண்டியில் போடி. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. ஏற்றி, இறக்கி, மாற்றி ஏற்றுகிற ஒவ்வொரு இடத்திலும்தான் சரக்குக்குச் சேதம் வரும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும்.

ரைட் சகோதரர்களும் இதை அனுபவித்தார்கள். 1903-ல் பறந்த விமானத்தின் பாகங்களை டேட்டன் ஊரில் செய்து, கிட்டி ஹாக் மணல்வெளிக்கு அனுப்பி, அங்கேதான் பூட்டினார்கள். 1907-ல் இன்னொரு விமானத்தைப் பெட்டியில் அடைத்து பிரான்சுக்குக் கப்பலேற்றினார்கள். 1908 ஜூனில் வில்பர் பெட்டியைத் திறந்தால், கட்டைகள் முறிந்து, துணி கிழிந்து கிடக்கிறது! தம்பி ஆர்வில் ஒழுங்காக அடுக்கவில்லை என்று கோபமாகக் கடிதம் எழுதிவிட்டார். சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு வாரிப் போட்ட கோலம் அது என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து அவர் பறந்தது ஆகஸ்ட் 8-ல்.

நம் நாட்டுக்கு வருவோம். விமானி அமோல் யாதவ், மும்பையில் தான் குடியிருந்த கட்டிடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். பாகம் பாகமாகக் கழற்றி, கிரேன் வைத்து இறக்கி, 2016 பிப்ரவரியில் மும்பைக் கண்காட்சியில் வைத்தார். அது 2020-ல் துலே ஊரில் பறந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் சஜி தாமஸ். மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டம் தொடுபுழா அருகே தட்டக்குழைக்காரர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சு வராது. படிப்பு ஏழாம் வகுப்பு. ரப்பர் தோட்டத்துக்கு மருந்தடிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்து ஆசை பிறந்தது. முதல் முயற்சி பறக்கவில்லை. விடாமல் இரண்டு பேர் அமரும் இலகுரக விமானம் ஒன்று செய்தார். ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர் உதவியோடு அது 2014-ல் பறந்தது. எங்கே? நம்ம திருநெல்வேலிச் சீமை மணிமுத்தாறில்! தட்டக்குழையிலிருந்து எந்த வழியில் வந்தாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். ஐந்தாறு வருட உழைப்பு ஒரு வண்டியில் குலுங்கிக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு பள்ளம் போதும், கதை முடிந்தது.

ஏன் இவ்வளவு பயம்? வானத்தில் இறக்கையைக் காற்று முழு நீளத்துக்கும் சீராகத் தாங்கும். ரோட்டில் அப்படியா? கயிறு அழுத்தும் இடம், கட்டை முட்டும் இடம் என்று ஒரு புள்ளியிலேயே அடி விழும். அதனால் இறக்கையைக் கழற்றி, முன்விளிம்பு கீழே இருக்கும்படி மெத்தை வைத்த தாங்கியில் நிறுத்துவார்கள். வால் சுக்கான்களைக் கழற்றுவார்கள், அல்லது ஆடாமல் பூட்டுவார்கள். ஆணியும் போல்ட்டும் பெயர் எழுதிய பைகளில் போகும். தார்ப்பாய் தளர்ந்து படபடத்தால் போதும், துணியைத் தேய்த்தே கிழித்துவிடும். பத்து மைல் போனதும் இறங்கி, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம்ம ஊர் லாரிக்காரர்கள் வளைவு ஏறும் முன் கயிற்றை இழுத்துப் பார்ப்பது போலத்தான்.

வரலாற்றுப் புத்தகத்தில் பறந்த நாளுக்குத் தேதி இருக்கிறது. ரோட்டில் வந்த நாளுக்குத் தேதி இல்லை. இறக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தவர் பெயரும் இல்லை. ஆனால் அந்த நாள் இல்லாமல் இந்த நாள் வந்திருக்குமா?

தம்பிகளே, தங்கைகளே! எதைக் கட்டினாலும், அதை எப்படிக் கழற்றி மலை இறக்குவது என்பதையும் முதலிலேயே யோசித்துக் கட்டுங்கள். நாமும் இந்தக் கல்லூரியில் பூட்டப்பட்டு, திசைக்கொருவராகப் பிரிந்து போனவர்கள்தானே! இந்த ஒருநாள் மறுபடி ஒன்றாகப் பூட்டிப் பார்க்கிறோம். ஒரு போல்ட்டும் தொலையவில்லை என்றால் அதுவே சந்தோஷம்.