டன்றொபின் கோட்டையும் சதர்லாந்துக் குடிகளும்

ஸ்கொத்லாந்தின் வடகீழ்க் கரையிலே, கொல்ஸ்பி என்னும் சிற்றூருக்கு அண்மையில், கடலை நோக்கிய மேட்டின்மீது டன்றொபின் கோட்டை நிற்கின்றது. அதன் கூரிய கோபுரங்களைக் காண்போர் பிரான்சிய மன்னன் ஒருவனின் மாளிகையோவென மயங்குவர். வடகோடியிலுள்ள இந்நாட்டிற்குத் ‘தென்னாடு’ எனப் பொருள்படும் சதர்லாந்து என்னும் பெயர் வாய்த்தமை விந்தையே. வடக்கிலிருந்து வந்த நோர்ஸ் மக்களுக்கு அது தெற்கே கிடந்தமையால் அப்பெயர் எழுந்தது.

கோட்டை பற்றிய முதற் குறிப்பு 1401இல் வருகின்றது. ஆறடிக்கு மேற்பட்ட தடிப்புடைய சுவர்களைக் கொண்ட பழைய கோபுரம், பின்னெழுந்த கட்டடங்களுள் இன்றும் பொதிந்துள்ளது. ஆயினும் இவ்விடத்தின் வரலாற்றில் நின்று நோக்கத்தக்க பகுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கமே.

1766இல் ஒரு வயதுக் குழந்தையாயிருந்த எலிசபெத், சதர்லாந்துப் பெருநிலத்திற்கு உரியவளானாள். 1785இல் அவளை மணந்த ஆங்கிலப் பிரபு, பின்னர் ஸ்ரவர்ட் மார்க்குவிஸ் ஆனார். 1803 முதல் பிரிட்ஜ்வோட்டர் கால்வாயின் வருவாயும் அவர் கைக்கு வந்தது. அச்செல்வத்தைக் கொண்டே இருவரும் நிலத்தைச் ‘சீர்திருத்த’ முற்பட்டனர். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த கேலிக் மொழிக் குடிகளை அகற்றி, அங்கே செவியற் செம்மறிகளை விடுவதும், அகற்றப்பட்டோரைக் கரையோரத்திற் குடியேற்றி மீன்பிடி முதலிய தொழில்களிற் பழக்குவதுமே திட்டமாகும்.

மாடும் ஓட்சும் அறிந்த உழவன் ஒரே பருவத்தில் மீனவனாகிவிடுவானோ? தாளில் எழுதியவர்க்கு இவ்வினா எழவில்லை. 1814இலும் 1819இலும் ஸ்ரத்நேவர்ப் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த வெளியேற்றங்களே மிகக் கொடியவை. மீண்டு வாராதவாறு வீடுகளின் கூரைகள் எரிக்கப்பட்டன. சதர்லாந்து ஆடவரைக் கொண்டு 93ஆம் படைப்பிரிவு திரட்டப்பட்டது 1799இலேயாம். படைக்கு ஆள் தந்த குடிகளுக்கு 15 ஆண்டுகளில் நிலமில்லாது போயிற்று. பெருநில அலுவலரான பற்றிக் செல்லர், அதே நிலத்தில் தாமே ஆட்டுப்பண்ணை குத்தகைக்கு எடுத்தவர். மூதாட்டி ஒருத்தியின் மரணத்திற்குக் காரணமாயினார் என்ற குற்றச்சாட்டில் 1816இல் இன்வர்னஸில் விசாரிக்கப்பட்டு விடுதலையானார்.

கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் 15,000 மக்கள் அகற்றப்பட்டு, 1825இல் அவர்களிடத்தை 131,000 ஆடுகள் பிடித்தன என்று எழுதினார். அவர் கூறிய தொகை பற்றிப் பிற்கால ஆய்வாளர் கருத்து வேறுபடுவர். சீமாட்டியின் பக்கத்தையும் புறக்கணித்தல் தகாது. வீதிகளும் பாலங்களும் ஹெல்ம்ஸ்டேல் துறைமுகமும் அக்காலத்தன. பெருநில ஆணையாளரான ஜேம்ஸ் லொக் 1820இல் வெளியிட்ட நூல் இவற்றையெல்லாம் எண்ணிக் காட்டுகின்றது. குடிகளின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதற்கோ அந்நூலில் தக்க விடையில்லை.

மார்க்குவிஸ் 1833இல் சதர்லாந்து டியூக் ஆகி, அவ்வாண்டிலேயே இறந்தார். 1837இல் பென் பிராகி மலையுச்சியில் அவருக்குப் பேருருவச் சிலை எழுந்தது. குடிகளின் நன்றிக்கடன் என்கிறது அதன் கல்வெட்டு! 1845 முதல், இலண்டன் பாராளுமன்றக் கட்டடத்தை வரைந்த சேர் சார்ள்ஸ் பரியின் திட்டப்படி கோட்டை இன்றைய பிரான்சியத் தோற்றம் பெற்றது. ஆட்டு வருமானமே இவ்வனப்பைத் தந்தது என்பது முழு உண்மையன்று. இங்கிலாந்துச் செல்வமும் இதிற் பெரிதும் கலந்துள்ளது. 1915இல் தீ விபத்து நேர, சேர் றொபேட் லொறிமர் உட்பகுதியைப் புதுக்கினார். 1965 முதல் 1972 வரை அது விடுதிப் பள்ளியாயிருந்தது.

வெளியேறியோருட் சிலர் கில்டொனனிலிருந்து 1813இல் கப்பலேறி, கனடாவின் செந்நதிக் குடியிருப்பை நாடினர். அகன்றோர் நினைவாக 2007இல் ஹெல்ம்ஸ்டேலில் ஒரு குடும்பத்தின் உருவச்சிலை நிறுவப்பட்டது. தந்தை முன்னோக்கி நிற்க, குழந்தையை ஏந்திய தாய் விட்டுவந்த பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்க்கின்றாள்.