வசையாகிப்போன திருப்பெயர்

பிரெஞ்சு மொழியில் ஒருவரை அறிவிலி என்று இகழ்வதற்கு அன்றாடம் வழங்கும் சொற்களுள் ஒன்று 'கிரெத்தேன்'. இந்த வசைச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் நாம் திடுக்கிடுவோம். கிறிஸ்தவரைக் குறிக்கும் 'கிரெத்தியேன்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு இது உடன்பிறப்பு. இரண்டிற்கும் தாய், 'கிறிஸ்தியானுஸ்' என்னும் இலத்தீன் சொல்லே.

ஆல்ப்ஸ் மலையின் சவோய், வலே பகுதிகளின் வட்டார வழக்கில் தோன்றிய சொல் இது. பனியாறுகளும் மழையும் அரித்த அம்மண்ணில் அயோடின் மிகக் குறைவு. ஆகவே பலருக்குக் கழுத்தில் கழலை வளர்ந்தது. கருவுற்ற தாய்க்குப் போதிய அயோடின் கிட்டாதபோது, குழந்தைகள் சிலர் உடல் வளர்ச்சி குன்றி, கேட்கவும் பேசவும் இயலாமல், அறிவு மலராமல் வாழ்ந்தனர். அவர்களைத்தான் மலைமக்கள் 'கிறிஸ்தவர்' என்றழைத்தனர். அவ்வழக்கில் அச்சொல்லுக்கு 'மனிதர்' என்றும் பொருள் உண்டு. 'இவரும் நம்மைப் போன்ற மனிதரே' என்னும் பரிவு அப்பெயரில் அடங்கியிருந்தது.

1754-இல் வெளிவந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதியில் அறிஞர் தலம்பேர் இவர்களைப் பற்றி எழுதியுள்ளார். வலே மக்கள் இவர்களைக் குடும்பத்தின் காவல் தூதர்களாகவே கருதினர் என்றும், இத்தகைய பிள்ளை இல்லாத வீட்டார் விண்ணகத்தின் தயவை இழந்தவர்களாகத் தங்களை எண்ணினர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அதை அம்மக்களின் பேதைமை என்றே அவர் கொள்கிறார்.

மலையிலிருந்து இறங்கிய சொல், மருத்துவ நூல்களில் நோயாளியின் பெயராயிற்று. பின்னர் நகரத்தார் நாவில் வசையாயிற்று. 1922-இல் சுவிட்சர்லாந்தில் உப்புடன் அயோடின் கலந்து வழங்கத் தொடங்கினர். காலப்போக்கில் அங்கு நோய் மறைந்தது, வசை மறையவில்லை.

இதற்குத் துணையாக இன்னொரு சொல்லும் உண்டு. பேதையைக் குறிக்கும் 'பெனே' என்னும் பிரெஞ்சுச் சொல், 'ஆசி பெற்றவர்' என்று பொருள்படும் 'பெனதிக்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. எளிய உள்ளத்தோரைப் பற்றிய ஆண்டவரின் மலைப்பொழிவு, ஏளனம் செய்வோர் வாயில் இவ்வாறு திரிந்தது.

சொற்கள் தாமாகக் கெடுவதில்லை. சொல்பவர் நெஞ்சில் பரிவு வற்றும்போதே அவை கெடுகின்றன. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையை விருந்தினர் வரும்போது உள்ளறையில் இருத்துகிறோம். புதுநன்மைக்கு அழைத்துவரத் தயங்குகிறோம். திருமுழுக்கில் அப்பிள்ளைக்கு இட்ட பெயர் இருக்க, குறையைச் சுட்டியே அழைக்கிறோம். அன்று அந்த மலைமக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அளித்த பெயர், நமக்கும் உரிய பெயரே. அப்பெயரை அவர்களோடு பகிர்ந்துகொள்ள நாம் கூசலாமோ?