ஏழு ராத்திரி... ஒரு முட்டை!

ஒரு தட்டு. அதில் கொஞ்சம் இறைச்சி, தீப்பெட்டி சைஸுக்கு வெண்ணெய், அதே சைஸுக்குச் சீஸ், சின்னப் பொட்டலத்தில் டீத்தூள், கொஞ்சம் சர்க்கரை, ஒரே ஒரு முட்டை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் முன்னால் இதைக் கொண்டுவந்து வைத்தார்களாம். ரேஷனில் ஜனங்களுக்கு என்னதான் கிடைக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டாராம் அவர். பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இது ஒன்றும் மோசமில்லையே என்றார். பக்கத்தில் நின்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது ஒரு வேளைக்கு அல்ல, ஒரு நாளைக்கும் அல்ல, ஒரு வாரத்துக்கு என்றார். சர்ச்சில் ஆடிப்போய்விட்டார்!

சர்ச்சிலைப் பற்றிச் சொல்லப்படும் நூற்றுக்கணக்கான கதைகளில் இதுவும் ஒன்று. கதை எப்படியோ, தட்டில் இருந்த கணக்கு நிஜம். அரசாங்க ரிக்கார்டில் அப்படியே இருக்கிறது.

பிரதமர் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை. மளிகை லிஸ்ட் எழுதிப் பழகிய கை இல்லை அது. உங்கள் வீட்டில் லிஸ்ட் எழுதுகிறவரிடம் அந்தத் தட்டைக் காட்டியிருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேனாவும் துண்டுக் காகிதமுமாக உட்கார்ந்து, 'திங்கள் ராத்திரி சப்பாத்தி, செவ்வாய்க்கு அடை, புதன்கிழமை அந்தக் கீரையைத் தீர்த்துவிடணும், இல்லாவிட்டால் அழுகிவிடும்' என்று கணக்குப் போடுகிறாரே, அவருக்குத் தெரியும் ஒரு வாரம் எவ்வளவு நீளம் என்று. அந்தக் கணக்கை ஒரு தேசம் முழுக்க, கத்தியும் கத்தரிக்கோலுமாக, 14 வருடம் போட்டார்கள். ராமர் வனவாசம் போன அதே 14!

1939 செப்டம்பரில் போர் ஆரம்பித்தபோது பிரிட்டன் சாப்பிட்டதில் பாதிக்கும் மேல் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அந்தக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தன. குண்டு போடாமலேயே ஒரு நாட்டை மண்டியிட வைக்கும் உத்தி. 1940 ஜனவரி 8-ல் ரேஷன் வந்தது. முதலில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. அப்புறம் மற்ற இறைச்சி, டீ, சீஸ் என்று ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு என்ன? அளவு அவ்வப்போது ஏறி இறங்கும். பொதுவாக, பேகன் என்கிற உப்புப் பன்றி இறைச்சி 113 கிராம், வெண்ணெய் 57, மார்கரின் 113, சீஸ் 57, சர்க்கரை 227, டீத்தூள் 57, பால் ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு, முட்டை ஒன்று. மற்ற இறைச்சியை மட்டும் எடை போட்டுத் தரவில்லை. ஒரு ஷில்லிங் 2 பென்ஸுக்கு என்ன வருமோ அது. நல்ல துண்டாகக் கேட்டால் கொஞ்சம், மட்டமான துண்டானால் சுமார் அரைக் கிலோ. இங்கேதான் குடும்பத் தலைவியின் சாமர்த்தியம் ஆரம்பிக்கிறது.

கடைக்கும் இஷ்டப்படி போக முடியாது. மளிகைக்கு ஒரு கடை, கறிக்கு ஒரு கடை என்று முன்கூட்டியே பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும். கையில் ரேஷன் புத்தகம். பெரியவர்களுக்கு மங்கலான மஞ்சள் நிறம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீலம், கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பச்சை. பச்சைப் புத்தகத்துக்குத் தனி மரியாதை! தினம் ஒரு பைண்ட் பால், கூடுதல் முட்டை, ஆரஞ்சு வந்தால் முதல் உரிமை. கடைக்காரர் கூப்பனை வெட்டிக்கொண்டோ முத்திரை குத்தியோ சாமானைத் தருவார். அதுவரை வெறும் அண்ணாச்சியாக இருந்தவர் ஒரே நாளில் மகாராஜா ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சரி, வாரத்தை எப்படி ஓட்டினார்கள்? ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோருடைய பங்கையும் சேர்த்து ஒரே துண்டாக வாங்கிய இறைச்சி அடுப்பில் வேகும். அன்று கொண்டாட்டம். திங்கட்கிழமை, மிச்சம் ஆறிப்போன துண்டுகளாகத் தட்டுக்கு வரும். செவ்வாய்க்கிழமை அதற்கும் மிச்சமிருப்பதைக் கொத்தி, மேலே உருளைக்கிழங்கு மசியலைப் போர்த்தி இன்னொரு பதார்த்தம். புதன்கிழமை எலும்பு மட்டும்தான் பாக்கி. சூப்! வியாழக்கிழமை காய்கறி. வெள்ளிக்கிழமை மீன், அதுவும் நீண்ட வரிசையில் நின்று கிடைத்தால். மீனுக்கு ரேஷன் இல்லை, ஆனால் மீனும் இல்லை. சனிக்கிழமை சாஸேஜ். அதற்கும் ரேஷன் கிடையாது, அதற்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதும் கிடையாது. பெரும்பாலும் ரொட்டித் தூள்.

இந்த ஏற்பாட்டின் மூளை, லார்டு வூல்டன். அரசியல்வாதி அல்ல, பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றை நடத்தியவர். 1940 ஏப்ரலில் அவரைக் கூட்டிவந்து உணவு அமைச்சராக உட்காரவைத்தார்கள். இளைஞராக இருந்தபோது லிவர்பூல் நகரின் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் தங்கி சமூக சேவை செய்தவர் அவர். அங்கே பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பட்டினியால் செத்துப்போனாள். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

வியாபாரி அல்லவா, சரக்கை விற்கத் தெரிந்தவர். தினமும் காலை எட்டேகால் மணிக்கு பி.பி.சி. ரேடியோவில் 'கிச்சன் ஃப்ரன்ட்' என்று ஒரு நிகழ்ச்சி. சமையலறையும் ஒரு போர்முனை என்று அர்த்தம்! இன்றைக்குக் கடையில் என்ன சல்லிசு, அதை வைத்து என்ன செய்யலாம் என்று ஐந்து நிமிடம் சொல்லித்தருவார்கள். சவாய் என்ற ஐந்து நட்சத்திர ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர், உருளைக்கிழங்கு, காரட், காலிஃபிளவர், ஓட்ஸ் போட்டு இறைச்சியே இல்லாத ஒரு பதார்த்தம் கண்டுபிடித்தார். அமைச்சர் பெயரையே அதற்கு வைத்தார்கள். 'வூல்டன் பை'. ஜனங்கள் அதைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

காரட் அமோகமாக விளைந்தது. அதைத் தீர்ப்பது எப்படி? ராத்திரியில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டுத்தள்ளிய கன்னிங்ஹாம் என்ற பைலட்டுக்குப் பூனைக் கண் என்று பட்டப்பெயர். அவருக்கு இருட்டில் கண் தெரிவது காரட் தின்பதால்தான் என்று பரப்பினார்கள். நிஜமான காரணம், விமானத்தில் ஒளித்துவைத்திருந்த ரேடார்! வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது உண்மை. காரட் தின்றால் ஆந்தை மாதிரி பார்க்கலாம் என்பது போர்க்காலச் சரடு.

இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் ஜனங்கள் துவண்டுவிட மாட்டார்களா? இந்தக் கேள்வியை கேம்பிரிட்ஜில் இரண்டு பேர் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். மெக்கான்ஸ் என்கிற டாக்டர், எல்ஸி விடோஸன் என்கிற பெண் விஞ்ஞானி. கூட சில சகாக்கள். வாரத்துக்கு ஒரு முட்டை, துளி பால், கொஞ்சூண்டு இறைச்சி. முழு கோதுமை ரொட்டியும் உருளைக்கிழங்கும் காய்கறியும் மட்டும் வேண்டிய அளவு. மூன்று மாதம் இப்படியே ஓட்டிவிட்டு, கடும் குளிரில் வட இங்கிலாந்தின் மலைப் பிரதேசத்துக்குப் போய் நாள் முழுக்க ஏறி இறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை! புகார் இரண்டே. ஒன்று, மென்று முடிக்க ரொம்ப நேரம் ஆகிறது. இரண்டாவது, வயிற்றில் வாயு. (சபையில் இதற்குமேல் விவரிக்க முடியாது.) கால்சியம் மட்டும் போதவில்லை என்று தெரிந்தது. மாவில் சுண்ணாம்புச் சத்தைக் கலக்கச் சொன்னார்கள். அரசாங்கமும் கலந்தது. இத்தனை சோதனைகளையும் தன்மேல் நடத்திக்கொண்ட விடோஸன் அம்மாள், 93 வயது வரை வாழ்ந்து 2000-ல்தான் இறந்தார்.

ஆக, கொள்கை தெளிவாகிவிட்டது. விலையுயர்ந்ததை அளந்து கொடு, வயிற்றை நிரப்புவதை அளக்காதே. போர் முடியும்வரை ரொட்டிக்கும் உருளைக்கிழங்குக்கும் ரேஷன் போடவே இல்லை. ஆனால் வெள்ளை ரொட்டியை 1942-ல் நிறுத்திவிட்டு, தவிடு சேர்ந்த பழுப்பு ரொட்டியைக் கொடுத்தார்கள். அதற்கு ஜனங்கள் வைத்த பெயர், ஹிட்லரின் ரகசிய ஆயுதம்!

பலன்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை 1939-ல் சுமார் 51. குண்டுவீச்சு உச்சத்தில் இருந்த 1941-ல் 60-ஐத் தொட்டது. 1945-ல் 46! குண்டு விழுகிற தேசத்தில், பஞ்ச காலத்துச் சாப்பாட்டில், குழந்தைகள் முன்பைவிட அதிகம் பிழைத்தன. பணக்காரர்கள் கொஞ்சம் இளைத்தார்கள். ஏழைகளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பாலும் முட்டையும் நிச்சயமானது. என்னைக் கேட்டால், இந்த வூல்டன் கதையின் சாரமே அங்கேதான் இருக்கிறது.

அரண்மனைக்கும் ரேஷன் உண்டு. 1942-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு விருந்தாளியாகப் போன அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட், தங்கத் தட்டிலும் வெள்ளித் தட்டிலும் ரேஷன் சாப்பாடு வந்ததைப் பார்த்தார். குளிக்கும் தொட்டியில்கூட, வெந்நீர் இதற்குமேல் கூடாது என்று ஐந்து அங்குலத்தில் ஒரு கோடு! ஆனாலும் காசுள்ளவர்களுக்கு ஹோட்டல் என்ற ஓட்டை இருந்தது. ஊரார் முணுமுணுத்தபிறகு, எந்த ஹோட்டலிலும் ஒரு சாப்பாடு 5 ஷில்லிங்குக்கு மேல் போகக்கூடாது என்று 1942-ல் கட்டுப்பாடு வந்தது.

இதுவரை படித்ததும், 'அடேயப்பா, அரசாங்கம் என்றால் இதுவல்லவோ' என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. கூடவே இன்னொரு வருடக் கணக்கும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. 1943. அதே அரசாங்கம், அதே பிரதமர், அதே கப்பல்கள்... வங்காளம்.

பர்மாவை ஜப்பான் பிடித்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1942 அக்டோபரில் புயல். ஜப்பான்காரன் வந்தால் கையில் சிக்கக்கூடாது என்று கடலோரக் கிராமங்களில் அரிசியையும் படகுகளையும் அரசே அப்புறப்படுத்தியிருந்தது. அரிசி விலை விண்ணில். இந்திய அரசு 5 லட்சம் டன் கோதுமை அனுப்பச் சொல்லிக் கேட்டது. 1943 ஆகஸ்டில் லண்டனின் போர் அமைச்சரவை ஒப்புக்கொண்டது அதில் ஒரு பகுதியை மட்டும். கப்பல் இல்லை என்பது பதில். கல்கத்தாவின் நடைபாதைகளில் பிணங்கள் கிடந்தன. ஆகஸ்ட் 22-ம் தேதி 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை அந்தப் புகைப்படங்களைத் துணிந்து வெளியிட்டபிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. கல்கத்தாவுக்கு முறையான ரேஷன் வந்தபோது 1944 ஜனவரி முடியப்போகிற நேரம். செத்தவர்கள்? அரசு அமைத்த விசாரணைக் கமிஷன் 15 லட்சம் என்றது. அந்தப் பஞ்சத்தைச் சின்னப் பையனாகக் கண்ணால் பார்த்த அமர்த்தியா சென் பிற்பாடு கணக்கிட்டபோது வந்தது, ஏறத்தாழ 30 லட்சம்.

லண்டனில் ஒரு தாய்க்கு வாரம் எத்தனை முட்டை என்று எண்ணி எண்ணிப் பார்த்த அதே சாம்ராஜ்யம்தான்! ரேஷன் புத்தகத்தால் பட்டினியைத் தடுக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மூன்று வருடமாக நடத்திக்காட்டிக்கொண்டு இருந்தார்கள். நம் வீட்டு பீரோவில் இருக்கும் ரேஷன் கார்டுக்கும் வேர் அந்தப் போர்க்காலம்தான்.

மறுபடி லண்டனுக்கு வருவோம். போர் 1945-ல் முடிந்தது. ரேஷன் முடியவில்லை! போரில்கூட அளக்காத ரொட்டியை 1946-ல் அளக்க ஆரம்பித்தார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து 'ஸ்நூக்' என்று ஒரு டின் மீனை அரசாங்கம் டன் கணக்கில் வாங்கிவைத்தது. எத்தனை சமையல் குறிப்பு கொடுத்தும் போணியாகவில்லை. கடைசியில் பூனைக்குப் போனது. 1949-ல் மிட்டாய்க்கு ரேஷனை எடுத்தார்கள். கடைகள் காலியாகின. நாலே மாதத்தில் திரும்பப் போட்டுவிட்டார்கள்.

1953 பிப்ரவரியில் மிட்டாய்க்கும் செப்டம்பரில் சர்க்கரைக்கும் ரேஷன் நிரந்தரமாக நீங்கியது. உடனே ஜனங்கள் தின்ற சர்க்கரை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதில் ஒரு விஷயம் 70 வருடம் கழித்து வெளிவந்தது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னால் பிறந்தவர்களையும் சற்றுப் பின்னால் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் சர்க்கரை ரேஷனில் வளர்ந்தவர்களுக்கு, வயதான காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் சுமார் 35 சதவிகிதம் குறைவு. ரத்தக் கொதிப்பு 20 சதவிகிதம் குறைவு. சர்க்கரை கிடைக்கவில்லையே என்று அந்த அம்மாக்கள் எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார்கள்!

1954 ஜூலை 4. கடைசியாக இறைச்சிக்கும் விடுதலை. லண்டனின் ஸ்மித்ஃபீல்டு இறைச்சி மார்க்கெட்டை வழக்கமான விடியற்காலைக்குப் பதில் நள்ளிரவிலேயே திறந்தார்கள். டிரஃபால்கர் சதுக்கத்தில் குடும்பத் தலைவிகள் கூடிக் கொண்டாடினார்கள். அமைச்சர் ஒருவர் தன் தொகுதியில், பிரம்மாண்டமாகச் செய்துவைத்த ரேஷன் புத்தகம் ஒன்றைக் கூட்டத்துக்கு நடுவே நெருப்பில் போட்டார். பிரதமர் நாற்காலியில் அப்போது இருந்தவர்... மறுபடியும் சர்ச்சில்தான்!