குழாய் கட்டிய கம்பத்தடியில்

எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைவரை பாட்டைக் கொண்டுபோனது தொண்டைதான். நாதஸ்வரமும் தவிலும் அதைவிட உரத்தவை. ஆனால் சுவாமி புறப்பாட்டில் மேளம் ஓரிடத்தில் நிற்காது. தெருமுனை திரும்பியதும் காது இளைப்பாறிவிடும்.

மைக்செட் வந்தபின் சத்தம் ஓரிடத்தில் குடியேறியது. பந்தலோரம் ஒரு மேசை, அதன்மேல் ஆம்ப்ளிஃபயரும் இசைத்தட்டுப் பெட்டியும், தேய்ந்த ஊசியை மாற்ற ஒரு பையன். வேப்பமரத்திலும் சவுக்குக் கம்பத்திலும் அலுமினியக் குழாய்கள். ஆடி மாதம் எல்.ஆர்.ஈஸ்வரி, கட்சிக் கூட்டமென்றால் நாகூர் ஹனிபா. குழாய் கட்டாத வீட்டைக் கல்யாண வீடென்று ஊர் ஒப்புக்கொள்ளாது.

அந்தக் கூம்புக் குழாய் ஒரு கெட்டிக்காரக் கருவி. கொஞ்சம் மின்சாரத்தில் அடுத்த ஊருக்கே கேட்கும். அடித்தொனியை விட்டுவிட்டு நடுத்தொனிகளையும் மேல்தொனிகளையும் ஒரே திசையில் குவித்துத் தள்ளும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அந்தப் பகுதியைத்தான். தொலைவில் இனித்த பாட்டு கம்பத்தடியில் குத்தியது இதனால்தான்.

2000-இல் மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2005-இல் உச்ச நீதிமன்றம், ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் அளவு 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றது.

எல்லையில் என்ற அந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டு நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அது பெரிய ஆறுதல். பந்தலுக்குள், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பவரின் காதுக்கோ அதில் கணக்கில்லை.

கூம்புக்குத் தடை வந்தது. கம்பங்களிலிருந்து அவற்றைக் கழற்றினார்கள். அந்த இடத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர்கள் வந்தன. குழாய் விட்டுவைத்த அடித்தொனியையும் சேர்த்துக்கொண்டு, மரத்தின் உயரத்திலிருந்து ஆள் உயரத்துக்குச் சத்தம் இறங்கியது. ஊருக்கு எட்டும் தூரம் குறைந்திருக்கலாம்; எதிரே நிற்பவருக்கு அது நெஞ்சிலேயே அதிர்கிறது.

ரசிகரின் காதுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோலை வெளியிட்டது 2022-இல்தான். 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது; ஒலி அளவை ஒருவர் தொடர்ந்து கவனிக்க வேண்டும்; காதடைப்பான் கிடைக்க வேண்டும்; விலகி இளைப்பாற அமைதியான இடம் வேண்டும். 3 டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் இரட்டிப்பாகிறது, காது தாங்கும் நேரம் பாதியாகிறது. உட்காதின் மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

புறப்பாட்டு மேளம் தானே நகர்ந்து கொடுத்த ஓய்வை இப்போது விதியாக எழுத வேண்டியிருக்கிறது. திருவிழா இரவுகளில் பெட்டிகளுக்கு மிக அருகே நின்று ஆடுவது பெரும்பாலும் குழந்தைகள்தான்.