மலையில் பெய்த மழை, கொட்டியாரத்தில் வந்த வெள்ளம்

திருகோணமலையில் வளர்ந்த எங்களுக்கு அனர்த்தம் என்றால் கடல்தான். 2004 டிசம்பர் 26இன் கதைகளைக் கேட்டே வளர்ந்த தலைமுறை நாங்கள். வீட்டில் பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனால் 1964 சூறாவளியைச் சொல்வார்கள். அதுவும் கடல் பக்கத்தால வந்ததுதான். மலையைப் பற்றி எங்களில் யாரும் பெரிசா யோசித்ததில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அந்த எண்ணத்தை உடைத்தது. நவம்பர் 30 அன்று மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் வெள்ளத்துக்குள் போனது. டிசம்பரில் உலர் உணவுப் பொதிகளோடு அங்கே போனபோது ஒரு ஐயா சொன்னார்: "எங்கட மழை விட்டிட்டுது தம்பி. அதுக்குப் பிறகுதான் தண்ணி வந்தது. இது நம்மட மழையில்ல, மலையில பெய்த மழை." அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவர் சொன்னது புவியியல் பாடத்தில் நாங்களும் படித்ததுதான். மத்திய மலைநாட்டில் தொடங்கும் மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடி எங்கட கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. வெருகல் ஆறு அதன் ஒரு கிளை. குளக்கோட்டன் கட்டியதாகக் கோணேசர் கல்வெட்டு சொல்லும் கந்தளாய்க் குளத்துக்குக்கூட இன்றைக்கு மாத்தளை மலைகளில் பிறக்கும் அம்பன் கங்கையின் நீர், குளத்துக்குக் குளம் வாய்க்கால் வழியே வந்து சேர்கிறது. 1986 ஏப்ரல் 20 விடியற்காலை அந்தக் குளக்கட்டு உடைந்து 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆக, துறைமுகத்துச் சனம் என்று சொல்லிக்கொண்டாலும், மலையில் இருந்து வரும் தண்ணீருக்குக் கீழேதான் நாங்கள் குடியிருக்கிறோம்.

மலைக்கும் துறைமுகத்துக்கும் ஆறு மட்டும் தொடர்பல்ல. 1795இல் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். 1815இல் கண்டி வீழ்ந்தது. அதன்பின் காடுகளை வெட்டி, சரிவுகளில் கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் பரவ, சில ஆண்டுகளில் அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. மண்ணைப் பிடித்து வைத்திருந்த ஆழ வேர்கள் போய்விட்டன. வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களை லயன் அறைகளில் அடைத்தார்கள். நல்ல நிலமெல்லாம் தேயிலைக்கு. சரிவும் ஓடைக்கரையும் மிஞ்சிய இடங்களில் லயன்கள். இன்றைக்கு மண் சரியும்போது முதலில் யார் வீடு போகிறது என்பது 150 வருடங்களுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

1964ஐ மறுபடி பார்ப்போம். எங்கள் ஊர் அந்த வருடத்தைச் சூறாவளியால் நினைவு வைத்திருக்கிறது. மலையகம் அதை வேறொன்றால் நினைவு வைத்திருக்கிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களை, அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 அளவில் திருகோணமலைப் பக்கத்தால் கரையேறிய சூறாவளி, தீவைக் கடந்து போய்த் தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னார்–தனுஷ்கோடி கப்பல் பாதை அத்தோடு முடிந்தது. மலையக மக்கள் வந்துபோன பாதை அது. பிறகு அவர்களைத் திருப்பியனுப்பிய கப்பல்கள் இராமேஸ்வரத்துக்குப் போயின. எங்கட ஊரில் கூரையைத் தூக்கிய அதே காற்று அவர்கள் பாதையையும் உடைத்தது. இரண்டையும் ஒரே கதையாக எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, மலையில் வாழும் சனம் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள என்ன வழி இருக்கிறது? வழி இல்லாமலில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் தொட்டு மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாரிக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இரு, 100 தாண்டினால் தயாராகு, 150 தாண்டினால் வெளியேறு. ஒரு சாதாரண பிளாஸ்டிக் மழைமானியை முற்றத்தில் வைத்தால் கிராமத்து மக்களே இதை அளக்கலாம். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கும் ஊற்று, இவையெல்லாம் மலை தரும் அறிகுறிகள்.

ஆனால் அறிகுறி தெரிந்தால் மட்டும் போதுமா? 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. "அப்ப ஏன் போகல?" என்று கேட்பது சுலபம். எங்கே போவது? லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலையும் தோட்டத்தோடு கட்டியிருக்கிறது. பெயரில் ஒரு துண்டுக் காணியும் இல்லாதவரிடம் "வெளியேறு" என்று சொன்னால், அவர் ஒரு இரவுக்குப் பாடசாலைக்கோ கோயிலுக்கோ போவார். மழை விட்டதும் அதே அறைக்குத்தான் திரும்புவார்.

டித்வாவில் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான இழப்பு கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற மலை மாவட்டங்களில். அதன்பின் "மலையகச் சனம் வடக்கு கிழக்குக்கு வந்து குடியேறலாமே" என்ற பேச்சு எங்களிடையே கேட்டது. நல்ல மனதோடு சொல்கிறார்கள் என்பது விளங்குகிறது. ஆனால் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் நாக்கு தயங்கும். 1977, 1983 வன்முறைகளால் மலையிலிருந்து துரத்தப்பட்டு வவுனியா, திருகோணமலை என்று வந்தவர்கள், இங்கே போரில் மறுபடி மறுபடி இடம்பெயர்ந்தார்கள். அவர்களை நாங்களும் எல்லா நேரமும் சமமாக நடத்தவில்லை. விரும்பி வருபவரை வரவேற்பது கடமை. அதைச் சாட்டாக வைத்து, மலையிலேயே பாதுகாப்பான காணி கேட்கும் அவர்களின் உரிமையைத் தட்டிக்கழிக்க முடியாது.

எங்களுக்குத் தோன்றுவது இவ்வளவுதான். மலையில் 150 மில்லிமீட்டர் பெய்த செய்தி மூதூருக்கும் வெருகலுக்கும் தமிழில், நேரத்தோடு வரவேண்டும். அதே அளவுக்கு, அந்த மழைமானியைப் பார்த்து முதலில் ஓடவேண்டியவருக்குப் போய்ச் சேர ஒரு சொந்த இடம் இருக்கவேண்டும். முதலாவதை நாங்கள் எங்களுக்காகக் கேட்போம். இரண்டாவதைக் கேட்கும்போது அவர்களோடு நிற்போம்.

திரும்பி வரும்போது கங்கைப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டியாரத்துக் கரையில் அப்படி மண் கிடையாது.