பழ உணவும் தசை வளர்ச்சியும்: உடற்பயிற்சி செய்வோரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

பழங்களை மட்டுமோ பெரும்பாலும் பழங்களையோ உண்டு, அதனுடன் உடற்பயிற்சி செய்து உடலைக் கட்டமைக்க விரும்புவோருக்காகவும், அவர்களுக்கு உணவு சமைத்துத் தரும் குடும்பத்தினருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் உணவுகளைக் கொண்டே இங்கு எடுத்துக்காட்டுகள் தரப்பட்டுள்ளன. காவலர் தேர்வின் 1500 மீட்டர் ஓட்டத்திற்காக ஏரிக்கரையில் பயிற்சி செய்யும் இளைஞருக்கும், நீண்ட காய்ச்சலுக்குப் பின் இழந்த உடல் வலிமையை மீட்க முயலும் முதியவருக்கும் இது பொருந்தும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பழம் பயிற்சிக்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது. தசையைக் கட்டுவதற்கு வேண்டிய மூலப்பொருளான புரதம் அதில் மிகக் குறைவு. இந்த வேறுபாட்டை அறியாமல் மாதக்கணக்கில் பழம் மட்டும் உண்டு பயிற்சி செய்பவரின் உடல் மெலியும்; அந்த மெலிவையே கட்டுடல் எனக் கருதி ஏமாறவும் நேரும்.

பழம் தரும் நன்மைகள்

ஓடும்போதும் எடை தூக்கும்போதும் தசைகள் முதன்மையாகப் பயன்படுத்துவது மாவுச்சத்தை. நாம் உண்ணும் சர்க்கரையும் மாவுப்பொருளும் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்பட்டு, பயிற்சியின்போது செலவாகின்றன. பயிற்சிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு 1 அல்லது 2 வாழைப்பழம் உண்பது இதனால்தான் நல்ல பழக்கமாகும். எளிதில் செரிக்கும், வயிற்றில் கனமாகத் தங்காது, விலையும் குறைவு.

கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் உள்ள வைட்டமின் சி, கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது. இரத்தசோகை உள்ள பெண்கள் மதிய உணவுடன் அரைக் கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வது எளிய, பயனுள்ள வழி. வெயில் காலத்தில் தர்பூசணியும் நுங்கும் இளநீரும் வியர்வையில் இழந்த நீரை ஈடுசெய்கின்றன. பழத்தின் நார்ச்சத்து மலச்சிக்கலைத் தவிர்க்கிறது. சாறாகப் பிழிந்து வடிகட்டினால் அந்த நார்ச்சத்து போய்விடும். ஆகவே பழத்தைப் பழமாகவே உண்ணுங்கள்.

கணக்கு எங்கே இடிக்கிறது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, பெரியவர் ஒருவருக்கு ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். தசையை வளர்க்கும் நோக்கில் எடைப் பயிற்சி செய்பவருக்குத் தேவை இதைவிடக் கூடுதல். கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் எனக் கொண்டால், அதே 60 கிலோ இளைஞருக்கு 72 முதல் 96 கிராம் வேண்டும்.

உரித்த வாழைப்பழம் 100 கிராமில் ஏறத்தாழ 1 கிராம் புரதமே உள்ளது. பப்பாளியிலும் தர்பூசணியிலும் அதைவிடக் குறைவு. கொய்யாவிலும் பலாச்சுளையிலும் சற்றுக் கூடுதல். எனினும் 100 கிராமுக்கு 2 கிராம் அளவே. வாழைப்பழத்தை மட்டும் உண்டு 50 கிராம் புரதம் பெற வேண்டுமானால் நாளொன்றுக்கு 4 கிலோவுக்கு மேல், அதாவது பூவன் பழமாயின் ஐம்பது அறுபது பழம், உண்ண வேண்டியிருக்கும். அதன் ஆற்றல் 4000 கலோரியைத் தாண்டும். வேளாண் வேலை செய்பவரின் உடலும் அதைச் செலவிட முடியாது. நடைமுறையில் எவரும் அவ்வளவு உண்பதில்லை. வயிறு நிரம்பிவிடும், புரதம் குறைந்தே இருக்கும்.

அளவு மட்டுமே குறை என எண்ண வேண்டாம். எடைப் பயிற்சியின்போது தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. ஓய்வின்போதும் உறக்கத்தின்போதும் உடல் அவற்றைச் சரிசெய்து முன்பைவிட வலுவாக்குகிறது. இப்பணிக்கு அமினோ அமிலங்கள் தேவை. அவற்றுள் லூசின் என்பது தசை கட்டும் வேலையைத் தொடங்கி வைக்கிறது. பால், முட்டை, மீன், இறைச்சி, சோயா, பயறு வகைகளில் இவை போதிய அளவில் உள்ளன. பழங்களில் இல்லை. உணவிலிருந்து கிடைக்காதபோது, உடல் தன் தசையையே சிதைத்து இதயம், குடல், நோய் எதிர்ப்பு மண்டலம் ஆகியவற்றுக்கு வேண்டிய புரதத்தை எடுத்துக்கொள்ளும். தசை வளர்க்கப் புறப்பட்டவர் தசையை இழப்பது இவ்வாறே.

காந்தியடிகளின் பட்டறிவு

பழ உணவைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர்களுள் காந்தியடிகள் குறிப்பிடத்தக்கவர். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே 1910இல் தொடங்கப்பட்ட டால்ஸ்டாய் பண்ணையில், தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் பலரும் வாழ்ந்த அவ்விடத்தில், அவரும் நண்பர் காலன்பாக்கும் பாலைக் கைவிட்டுப் பழ உணவுக்கு மாறினர். வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, வேர்க்கடலை, ஆலிவ் எண்ணெய் ஆகியவையே அவர்களது உணவு. இப்பட்டியலில் வேர்க்கடலை இருப்பதைக் கவனியுங்கள். பழ உணவு என்று அவர் அழைத்ததிலும் புரதத்திற்கு ஒரு பொருள் இருந்தது.

1918இல் குஜராத்தின் கேடா பகுதியில் பணியாற்றியபோது அவர் கடுமையான வயிற்றுக்கடுப்பால் தாக்குண்டார். நோய்க்கு உணவுமுறைதான் காரணம் என்று கூற இயலாது. ஆனால் நோய் தணிந்த பின்னும் உடல் தேறவில்லை. பால் அருந்தாமல் உடலை மீண்டும் கட்டியெழுப்ப முடியாது என மருத்துவர் தலால் கூறினார். பசும்பாலும் எருமைப்பாலும் வேண்டாம் என விரதம் பூண்டிருந்த அவர், கஸ்தூரிபாவின் யோசனைப்படி ஆட்டுப்பால் அருந்த இசைந்தார். விரதத்தின் உட்பொருளை மீறியதாக அவர் பிற்காலத்தில் வருந்தியதும் உண்மை. ஆயினும் சைவ உணவு உண்போருக்குப் பால் தேவை என்ற முடிவையே, 1942இல் சிறையில் எழுதத் தொடங்கிய உடல்நல நூலிலும் பதிவு செய்தார்.

தேங்காயும் பழமும் போதும் என்னும் இயற்கை உணவுக் கொள்கை தமிழ்நாட்டிலும் நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. குறுகிய காலத்துக்கு, மருத்துவர் மேற்பார்வையில், குறிப்பிட்ட நோய்க்கெனப் பழ உணவு தரப்படுவது வேறு. எடைப் பயிற்சி செய்பவர் அதையே ஆண்டு முழுவதும் பின்பற்றுவது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இயற்கை மருத்துவ ஆலோசனை பெற விரும்பினால் சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

பழத்தை விடாமல் உடலைக் கட்டுவது எப்படி

பழத்தை விரும்பி உண்பவர் அதைக் கைவிட வேண்டியதில்லை. உடன் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தால் போதும். நம் வட்டாரத்தில் விளையும் வேர்க்கடலையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் உள்ளது. பச்சைப்பயற்றிலும் உளுந்திலும் 23 கிராம் அளவில் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளை பாலில் 7 முதல் 8 கிராம். மீல் மேக்கர் எனக் கடைகளில் விற்கப்படும் சோயாவில் எடையில் பாதி புரதமே.

60 கிலோ எடையுள்ள, வேறு நோய் இல்லாத ஒருவருக்கு ஒரு நாள் உணவு இவ்வாறு அமையலாம். விடியற்காலைப் பயிற்சிக்கு முன் 2 வாழைப்பழம். பயிற்சிக்குப் பின் ஒரு கொய்யா, ஒரு கைப்பிடிக்குச் சற்று மேல் (உலர்ந்த அளவில் 50 கிராம்) வேகவைத்த வேர்க்கடலை, 2 அவித்த முட்டை. மதியம் சோறு, கெட்டிப் பருப்பு, கீரை, ஒரு கிண்ணம் தயிர். மாலையில் பப்பாளியுடன் முளைகட்டிய பச்சைப்பயறு. இரவில் இட்லி அல்லது கேழ்வரகு அடை, படுக்கும் முன் ஒரு குவளை பால். இதில் கிடைக்கும் புரதம் சுமார் 80 கிராம். முட்டை உண்ணாதவர் அதற்கு ஈடாக 25 முதல் 30 கிராம் மீல் மேக்கர் சேர்த்துக்கொள்ளலாம். புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று நான்கு வேளைகளில் பகிர்ந்து உண்பது தசைக்கு நல்லது.

உணவு எவ்வளவு சிறந்ததாயினும் பயிற்சியின்றித் தசை வளராது. தண்டால், பஸ்கி, எடை தூக்குதல் போன்ற பயிற்சிகளை வாரத்தில் 2 அல்லது 3 நாள்கள் செய்து, சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். 7 மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். நாள்தோறும் எடை பார்ப்பதைவிட, மாதம் ஒருமுறை எடையையும் மேற்கைச் சுற்றளவையும், தொடர்ந்து எடுக்க முடிந்த தண்டால்களின் எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள். எடை குறைந்து தண்டாலும் குறைந்தால் நீங்கள் இழந்தது தசை.

புரத மாவுகளைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். 2024இல் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, தசை வளர்ப்பதற்காகப் புரத மாவு உட்கொள்வதைத் தவிர்க்கவே அறிவுறுத்துகிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் மருத்துவச் சீட்டின்றித் தரப்படும் ஊசிகளையும் மாத்திரைகளையும் ஒருபோதும் ஏற்காதீர்கள். அவற்றில் ஆண்மை இயக்குநீர் வகை ஸ்டீராய்டு இருக்கக்கூடும். இதயம், கல்லீரல், இனப்பெருக்கத் திறன் ஆகியவற்றை அது பாதிக்கும்.

மெதுவாக வெளிப்படும் குறைபாடு

பழங்களிலும் காய்கறிகளிலும் வைட்டமின் பி12 இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே அது கிடைக்கிறது. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள்கூட ஈடுகொடுக்கும் என்பதால், பழ உணவைத் தொடங்கிய முதல் ஆண்டில் எந்தக் குறையும் தெரியாமல் இருக்கலாம். “எனக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று கூறுபவர் பலர் இந்த இடைவெளியில் இருப்பவர்களே. பின்னர் கால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நடையில் தடுமாற்றம், மறதி, மிகுந்த சோர்வு ஆகியன தோன்றும். பழத்திலும் கீரையிலும் ஃபோலேட் சத்து நிறைந்திருப்பதால் இரத்தசோகை வெளிப்படாமல், நரம்புப் பாதிப்பு மட்டும் வளர்வதும் உண்டு. காலம் தாழ்த்தினால் அந்தப் பாதிப்பு முழுமையாகச் சீராகாது. ஓராண்டுக்கு மேல் பால், முட்டை, இறைச்சி எதுவும் உண்ணாதவர் இரத்தத்தில் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

பழ உணவைத் தாமாகத் தொடங்கக் கூடாதவர்கள்

சிறுநீரக நோயாளிகள் முதலாவதாக எச்சரிக்கப்பட வேண்டியவர்கள். வாழைப்பழம், இளநீர், பேரீச்சை ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. நலமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் இயலாது. இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்தால் தசை தளர்ந்து, இதயத் துடிப்பு ஒழுங்கிழந்து, திடீரென நின்றுவிடவும் கூடும். எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உட்கொள்வோருக்கும் இந்த ஆபத்து உண்டு. நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் அறவே தவிர்க்க வேண்டும். அதிலுள்ள நச்சு மூளையைப் பாதிக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் தர்பூசணியும் அன்றாட நீரின் அளவில் அடங்கும் என்பதை உடனிருப்போர் நினைவில் கொள்க. இவர்கள் புரதத்தின் அளவையும் மருத்துவர் கூறியபடியே கொள்ள வேண்டும். மேலே கூறிய உணவுமுறை இவர்களுக்கு உரியதன்று.

நீரிழிவு உள்ளவர் ஒரு வேளையில் 100 கிராம் அளவு கொய்யாவோ பப்பாளியோ உண்ணலாம். சோற்றை விட்டுப் பழத்துக்கு மாறினால் சர்க்கரை குறையும் என்பது தவறான நம்பிக்கை. இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டு, உணவைக் குறைத்து, கூடவே கடும் பயிற்சியும் செய்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, மயக்கம் தோன்றினால் உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் புகட்டக் கூடாது, 108ஐ அழையுங்கள்.

கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், காசநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோருக்குப் புரதக் குறைவு விரைவில் தீங்கு செய்யும். காய்ச்சலிலிருந்து எழுந்த முதியவருக்கு நாள்தோறும் ஆப்பிளும் ரொட்டியும் மட்டும் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அவருக்கு வேண்டியது குழைய வேகவைத்த பருப்பு, முட்டை, தயிர். ஆப்பிள் அதன் பிறகு.

எப்போது, எங்கே செல்வது

மூன்று மாதங்களில் 3 கிலோவுக்கு மேல் காரணமின்றி எடை குறைந்தாலோ, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனாலோ, கால்கள் வீங்கினாலோ, முடி கொத்தாக உதிர்ந்தாலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ உத்திரமேரூர் அரசு மருத்துவமனையையோ அணுகவும். உண்ணும் உணவை ஒரு வாரம் தாளில் எழுதிக் கொண்டு சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். நடக்க இயலாத நோயாளியின் உணவு பற்றிய ஐயங்களை, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டிற்கு வரும் பணியாளரிடம் கேட்கலாம். தொலைபேசி ஆலோசனைக்கு 104.

கடும் பயிற்சிக்குப் பின் தசைகள் தாங்கொணாமல் வலித்து, சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் வெளியேறினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைப்பதன் அறிகுறி அது. இளநீர் அருந்தி மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.